ரேட்டு ராவுத்தரும் மணி இல்லாத சைக்கிளும்

மற்றவர்கள் ஒரு பொருளைப் பார்த்தால் அந்தப் பொருளைத்தான் பார்ப்பார்கள். கம்பம் ரேட்டு ராவுத்தர் மட்டும், அது மூன்று வருஷம் கழித்து என்ன விலைக்குப் போகும் என்பதைப் பார்ப்பார். புதுசு என்று ஒரு பொருள் இந்தப் பூமியில் இருப்பதையே அவர் ஒப்புக்கொண்டதில்லை.

புது மோட்டார் சைக்கிளுக்கு மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, கம்பம் மெயின் ரோட்டில் ஒருவன் முதல் ரவுண்டு வருகிறான் என்று வையுங்கள். ராவுத்தர் கையைக் காட்டி நிறுத்துவார். வண்டியைச் சுற்றி வருவார். சீட்டில் ஒரு தட்டு தட்டுவார்.

"அம்சமா இருக்கு மாப்ளே. மூணு வருசம் ஓட்டிட்டுக் குடு. பதினெட்டாயிரம் தாராளமா போகும்."

அன்று காலையில்தான் ஷோரூமில் பணத்தைக் கட்டிவிட்டு வந்தவன் முகம் என்ன ஆகும்? அதையும் கவனித்துவிடுவார். "ஏலே, ஏன் மூஞ்சி சுண்டிப்போச்சு? சரி விடு, இருபதுக்குப் பேசிப் பாப்போம்" என்று ஆறுதல் வேறு.

கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையைக் கட்டிப்பிடிக்கிற சாக்கில் கோட்டுத் துணியை விரலால் தேய்த்துப் பார்த்து, "வாடகைதான?" என்று காதில் கேட்பார். துக்க வீட்டிலும் அடங்கமாட்டார். ஒரு முறை உத்தமபாளையத்தில் ஒரு பெரியவர் காலமாகி, ஐஸ் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். எல்லோரும் பெட்டிக்குள் இருந்தவரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, இவர் குனிந்து பெட்டிக்கு அடியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். "கம்ப்ரசர் மாத்திருக்காக போல?" அழுதுகொண்டிருந்த மகன் அழுகையை நிறுத்தி, "ஆமா மாமா, போன மாசம்தான் மாத்துனதாச் சொன்னாக" என்று சொல்லிவிட்டு மறுபடி அழ ஆரம்பித்தான்.

அவர் சொந்தப் பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிழைப்புக்கு அண்ணன் தம்பிகளோடு சேர்ந்த தேங்காய் மண்டி ஒன்று இருந்தது. ஆனால் மண்டிப் பக்கம் அவர் வருவதை உடன்பிறந்தவர்கள் விரும்பவில்லை. காரணம், வாங்க வருகிறவனிடம் உண்மையான விலையைச் சொல்லிவிடுவார். ஒரு சீசன் முழுக்க இப்படிச் சொல்லிக் கெடுத்த பிறகு, "நீ இங்கன வராம இருந்தாப் போதும், உன் பங்கு வீடு தேடி வரும்" என்று சமாதானம் செய்துகொண்டார்கள். அன்றிலிருந்து அவர் பள்ளத்தாக்கு முழுமைக்கும் பொதுச்சொத்து ஆனார்.

பழைய டிராக்டர், பழைய கிரைண்டர், மூடிப்போன தியேட்டரின் நாற்காலிகள் என்று எதை விற்பதானாலும் வாங்குவதானாலும் இரண்டு தரப்பும் அவரிடம்தான் வந்து நிற்கும். கூலி ஒரு டீயும் இரண்டு பருப்பு வடையும். அவரிடம் ஒரு சித்தாந்தமும் இருந்தது.

"விக்கிறவனுக்கும் வயிறு எரியணும், வாங்குறவனுக்கும் வயிறு எரியணும். ரெண்டு வயிறும் ஒரே அளவுக்கு எரிஞ்சா அதுதான் நியாயமான ரேட்டு. ஒருத்தன் சிரிச்சாலும் வெலை தப்பு."

குமுளிப் பக்கத்திலிருந்து கோயில் திருவிழாவுக்கு யானையோடு வந்த ஒரு மலையாளத்துப் பாகன், இவர் புகழைக் கேள்விப்பட்டு, "எங்கில் இதுக்கு ரேட்டு பறையுங்கோ" என்று வேடிக்கையாகக் கேட்டுவிட்டான். ராவுத்தருக்கு இந்த விஷயத்தில் வேடிக்கை தெரியாது. யானையை நடக்கவிட்டுப் பின்னாலேயே நடந்தார். குனிந்து பார்த்தார். "நாலு காலும் கண்டிஷன். பின் பக்கம் மட்டும் லேசா அலைன்மென்ட் போயிருக்கு" என்றார். பாகன் சிரித்தான். அடுத்த வாரமே அந்த யானை பின்னங்காலை நொண்டியது என்று கம்பத்தில் ஒரு வதந்தி உண்டு. ராவுத்தர் அதை மறுத்ததே இல்லை.

அப்போது கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் ஒரு பிரௌசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்து ஆறோ ஏழோ. ரிசல்ட் பார்க்க வரும் மாணவர்களையும், துபாய்க்கு மெயில் அனுப்ப வரும் வீட்டுக்காரிகளையும் தவிர எனக்கு ஒரே நிரந்தர வாடிக்கையாளர் ராவுத்தர்தான். அவர் காசு கொடுக்கமாட்டார், கம்ப்யூட்டரையும் தொடமாட்டார். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து எனக்குப் பொழுது போக்குவார்.

ஒரு நாள் அங்கே பாண்டி அண்ணன் வந்தார். சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். கூட அவர் மகள் கௌசல்யா. பதினொன்றாம் வகுப்புப் பெண், அப்பாவைவிட அரையடி உயரம். பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போகும்போது டவுன் பஸ்ஸை முந்திக்கொண்டு போவாள். அதைப் பஸ்ஸுக்குள்ளிருந்து பார்த்த விளையாட்டு வாத்தியார் அவளை சைக்கிள் பந்தயத்துக்குத் தயார் செய்து, மாநிலப் போட்டி வரைக்கும் கொண்டுவந்திருந்தார்.

"மாமா, ஒரு சைக்கிளுக்கு நீங்க ரேட்டு சொல்லணும்" என்றார் பாண்டி அண்ணன்.

"சைக்கிளா? இதுக்கா இம்புட்டு தூரம் வந்த? பழசுன்னா எண்ணூறு ரூவா. டைனமோ இருந்தா ஆயிரம்."

"ஒன்றரை லட்சம் சொல்றாக மாமா."

ராவுத்தர் நாற்காலியிலிருந்து எழுந்து, ஃபேனை நிறுத்திவிட்டு, "திரும்பச் சொல்லு" என்றார்.

கௌசல்யாதான் விளக்கினாள். கூட்டமாக ஓட்டுகிற பந்தயம் வேறு. டைம் ட்ரையல் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொருவராகத் தனித்தனியே அனுப்புவார்கள். முன்னால் ஆள் கிடையாது, பின்னால் ஆள் கிடையாது, கடிகாரத்தோடுதான் போட்டி. அதற்கென்றே காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற மாதிரி சைக்கிள் செய்கிறார்கள். அது தமிழ்நாட்டிலேயே விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் இருக்கிறது. அதில் ஒன்று தேனியில் ஒரு வீட்டில் சும்மா தொங்குகிறது.

"தொங்குதா?"

"ஆமா மாமு. சுவத்துல."

ராவுத்தருக்கு அன்று இரவு தூக்கம் வந்திருக்காது. மறுநாள் நான் கடை திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். "அந்த நெட்டுல இதுக்கு ரேட்டு போட்டுருக்கானான்னு பாரு."

தேடினேன். அமெரிக்காவில் யாரோ ஒருவர் அதே மாதிரி பழைய சைக்கிள் ஒன்றை விளம்பரம் செய்திருந்தார். டாலர் விலையை ரூபாயாக்கிச் சொன்னேன். ராவுத்தர் திரையையே சந்தேகத்தோடு பார்த்தார்.

"எழுது. நேர்ல வந்தா எம்புட்டு கொறைப்பீகன்னு கேளு."

"மாமு, அவரு அமெரிக்காவுல இருக்காரு."

"கேக்குறதுக்குக் காசா? எழுதுலே."

எழுதினேன். அடுத்த நாள் பதில் வந்தது. விலை 'ஃபர்ம்' என்று எழுதி, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்றும் கேட்டிருந்தார்.

"ஃபர்ம்னா? கம்பெனி வச்சுருக்கானா?"

"கொறைக்கமாட்டாராம் மாமு. நாம எங்க இருக்கோம்னு கேக்குறாரு."

"கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துலன்னு போடு. வந்தா ஒரு டீ சாப்பிட்டுப் போகச் சொல்லு."

அதற்கு அந்த அமெரிக்கர் பதில் போடவில்லை. ராவுத்தர் ஒரு முடிவுக்கு வந்தார். "அங்கன ஆயிரம் பேரு விக்கிறாக, ஆயிரம் பேரு வாங்குறாக. அங்கன அது சந்தை. இங்கன விக்கிறதுக்கு ஒரே ஆளு, வாங்குறதுக்கு ஒரே ஆளு. அந்த ரேட்டை வச்சு நாம என்ன செய்ய? சைக்கிளைப் பாக்கணும்."

பாண்டி அண்ணனையும் கௌசல்யாவையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனோம். என்னையும் இங்கிலீஷுக்காக இழுத்துப்போனார். தேனிக்குச் சற்று முன்னால், பழனிசெட்டிபட்டியில் மெயின் ரோட்டு மேலேயே வீடு. சைக்கிளின் சொந்தக்காரர் பெயர் பிரபாகர். ஜெர்மனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு, மாமனார் மில்லைக் கவனிக்க ஊர் திரும்பியவர். சம்பாதித்த காசில் ஆசை ஆசையாய் வாங்கிய சைக்கிளைக் கப்பலில் கொண்டுவந்திருந்தார். ஆனால் நம் பள்ளத்தாக்கில் ஆடி மாசம் அடிக்கிற காற்றைப் பற்றி ஜெர்மனியில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. முதல் நாளே அது அவரைச் சைக்கிளோடு தூக்கி ஒரு வாழைத் தோப்புக்குள் வைத்துவிட்டுப் போயிருந்தது. அன்றைக்குச் சுவரில் மாட்டியதுதான்.

நாங்கள் போனபோது சைக்கிள் தெரியவில்லை. இரண்டு புடவைகளும் ஒரு துண்டும்தான் தெரிந்தன. பிரபாகரின் மனைவி சுதா ஓடிவந்து துணிகளை உருவினார். "மழைக்காலத்துல காயப்போட இதான் சார் வசதி" என்றார் கூச்சத்தோடு.

ராவுத்தர் சைக்கிளைச் சுற்றி வந்தார். அவர் திகைத்து நான் பார்த்தது அன்றுதான். ஸ்டாண்டு இல்லை. கேரியர் இல்லை. மட்கார்டு இல்லை. மணி இல்லை. பின் சக்கரத்தில் ஒரு கம்பிகூட இல்லை, மூடிய தட்டு. ஹேண்டில்பாரில் இரண்டு கொம்புகள் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தன. மிதிக்கிற இடத்தில் சட்டைப் பித்தான் மாதிரி இரண்டு.

"பாக்கி சாமானெல்லாம் எங்க?"

"அவ்வளவுதாங்க. எடை குறையணும்னு எல்லாத்தையும் எடுத்துடுவாங்க."

"எடுத்ததுக்கு வெலை கொறைக்கணுமா இல்லையா?"

"அதுக்குத்தாங்க வெலை கூட!"

ராவுத்தர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்த ஆள் தெளிவாகத்தான் இருக்கிறாரா என்று கண்ணாலேயே கேட்டார். பிறகு சைக்கிளை ஒற்றைக் கையால் தூக்கினார். அது தூக்கியதைவிட வேகமாக மேலே வந்து அவர் மோவாயில் இடித்தது. "பிளாஸ்டிக்கா?" என்றார். கார்பன் என்றார் பிரபாகர். "கார்பன்னா கரிதான?" என்று கேட்டார் ராவுத்தர்.

அடுத்து ராவுத்தர் சுதாவைக் கேட்டார். "ஏம்மா, வீட்டுல கொடிக்கயிறு கட்டுனா என்ன செலவாகும்?"

"நைலான் கயிறும் ரெண்டு ஆணியுமா... ஐம்பது ரூபாய்க்குள்ள வரும்ணே."

"கேட்டீகளா பிரபாகர் சார்? இப்ப உங்க வீட்டுல இது செய்யிற வேலைக்கு அம்பது ரூவா. நீங்க கேக்குறது ஒன்றரை லட்சம். நாம இதுக்கு நடுவுல எங்கயாச்சும் எறங்கணும்."

பாண்டி அண்ணன் சட்டென்று, "எங்கிட்ட நாப்பதாயிரம் இருக்கு மாமா" என்றார். பிரபாகர் கையெடுத்துக் கும்பிட்டு, "நான் சுவத்துலயே மாட்டிக்கிறேங்க" என்றார். கௌசல்யா யாரையும் பார்க்கவில்லை. சைக்கிளையே பார்த்துக்கொண்டு நின்றாள். போட்டிக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை.

ராவுத்தருக்கு ஒரு கொள்கை உண்டு. தான் ஓட்டிப் பார்க்காத வண்டிக்கு விலை சொல்லமாட்டார். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். யாரும் தடுப்பதற்குள் ஏறிவிட்டார்.

ரோட்டில் குமுளிப் பக்கமிருந்து காற்று, முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. அவர் தேனிப் பக்கம் திருப்பினார். அந்தச் சைக்கிளில் உட்கார்ந்தாலே ஆள் தானாகக் கொம்பு மேல் கவிழ்ந்துவிடுவார். அப்படிக் கவிழ்ந்தவர், நான்கு மிதி மிதித்தார். அவ்வளவுதான். சைக்கிள் 'வூம்ம்' என்று ஒரு சத்தத்தோடு பறந்தது.

"பிரேக்! பிரேக்கைப் புடிங்க!" என்று கத்திக்கொண்டே பிரபாகர் பின்னால் ஓடினார்.

அந்தச் சைக்கிளில் பிரேக் இருப்பது அகலமான கைப்பிடியில். கொம்பின் நுனியில் இருப்பது கியர். ராவுத்தர் கொம்பின் நுனியைப் பிடித்து இழுத்தார். சைக்கிள் இன்னும் கனமான கியருக்கு மாறியது. மறுபடி இழுத்தார். மறுபடி மாறியது. நிறுத்த நிறுத்த வேகமெடுக்கிற வண்டியை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. வேட்டி அவிழ்ந்து பின்னால் கொடி மாதிரிப் பறக்க, பட்டாபட்டி டிராயரோடு ஒரு டவுன் பஸ்ஸை முந்தினார். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னலுக்கு வந்து கைதட்டினார்கள். அந்த நிலையிலும் அவர், "மணி வைக்கலயே! மணி வைக்கலயே!" என்று ரோட்டில் போகிறவர்களை எச்சரித்துக்கொண்டே போனார்.

வீடு கட்டுவதற்காகக் கொட்டியிருந்த ஒரு மணல் குவியல்தான் அவரைக் காப்பாற்றியது. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது மணலில் உட்கார்ந்திருந்தார். முட்டியில் ரத்தம். முழங்கையில் ரத்தம். வேட்டி எங்கே என்று தெரியவில்லை. முகத்தில் மட்டும் பத்து வயசுப் பையனின் சிரிப்பு.

"மாப்ளே," என்றார் என்னிடம், "வண்டி கண்டிஷன்!"

ஆனால் சைக்கிளின் நீளக் குழாயில் வெள்ளையாய் ஒரு சிராய்ப்பு விழுந்திருந்தது. அதைப் பார்த்ததும் பிரபாகரின் முகம் சிவந்துவிட்டது.

"வேணும்னே விழுந்துட்டாரு! விலையைக் குறைக்கிறதுக்காக!"

ராவுத்தர் கோபப்பட்டு நான் பார்த்ததும் அன்றுதான். ரத்தம் வழிகிற காலைத் தூக்கிக் காட்டினார். "முட்டியைப் பாரும்யா! எவனாவது முட்டியைப் பேத்துக்கிட்டு ரேட்டு கொறைப்பானா? இந்த முட்டிக்கு ஸ்பேர் கெடைக்குமா?"

கார்பன் குழாய் உள்ளே விரிசல் விட்டிருந்தால் சைக்கிள் ஓடும்போதே ஒடிந்துவிடும் என்று பிரபாகர் சொன்னார். கௌசல்யாவின் கண்ணில் தண்ணீர் முட்டியது. நான் முதல் நாள் இணையத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. ஒரு காசை வைத்துக் குழாய் நெடுகத் தட்டிப் பார்க்க வேண்டும், விரிசல் இருக்கும் இடத்தில் சத்தம் மாறும் என்று போட்டிருந்தார்கள். அதைச் சொன்னேன்.

"இதத்தானலே நான் மண்டில தேங்காய்க்குச் செஞ்சுக்கிட்டு இருந்தேன்!" என்று ராவுத்தர் துள்ளி எழுந்தார். முட்டி வலி மறந்துபோனது. சைக்கிளைத் திண்டில் சாய்த்து, காதைக் குழாயோடு ஒட்டிவைத்து, ஒற்றை ரூபாயால் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே போனார். பிரபாகரும் குனிந்து மறுபக்கம் காதை வைத்தார். பாண்டி அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். தட்டுகிறவர் பட்டாபட்டி டிராயரில் இருக்கிறார் என்பதுகூட யாருக்கும் உறைக்கவில்லை. கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

"எல்லா இடத்துலயும் ஒரே சத்தம்" என்றார் பிரபாகர்.

"முத்துன காயி" என்றார் ராவுத்தர்.

பிரபாகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு கோபம் போனது.

ஆனாலும் விலை பிறக்கவில்லை. "நான் ஓட்டுனது கணக்குல வராது. ஓட்டத் தெரிஞ்சவ ஓட்டணும்" என்றார் ராவுத்தர். மறுநாள் விடிந்ததும் ஏற்பாடு. கௌசல்யா தன் பழைய சைக்கிளில் வீரபாண்டி வரை போய்த் திரும்ப வேண்டும். கொஞ்சம் ஓய்வுக்குப் பிறகு, இந்தச் சைக்கிளில் அதே தூரம். என் செல்போனில் நேரம் பார்ப்பேன். ராவுத்தர் முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் பின்தொடர்வார், வழியில் யாரும் குறுக்கே வராமல் ஹாரன் அடிக்க.

முதல் சுற்று முடிந்தது. சீட்டைச் சரிசெய்து, பித்தான்களுக்குப் பதில் சாதா மிதிகட்டை மாட்டி, இரண்டாவது சுற்றுக்கு அனுப்பினோம். பிரபாகர் சுதாவோடு கேட்டில் சாய்ந்து நின்றார். ரொம்ப நேரம் ரோடு காலியாக இருந்தது. பிறகு தூரத்தில் அந்த 'வூம்ம்' சத்தம் கேட்டது. கௌசல்யா கொம்பு மேல் அசையாமல் படுத்திருந்தாள். கால்கள் மட்டும் சுற்றின. பின் சக்கரத்தின் தட்டு, கோயில் மேளத்தை உள்ளங்கையால் தேய்ப்பதுபோல உறுமியது. எங்களைக் கடந்தபோது சுதாவின் முந்தானை பறந்தது. அதற்கும் வெகுநேரம் கழித்து ராவுத்தரின் ஸ்கூட்டர் இருமிக்கொண்டே வந்து சேர்ந்தது.

பிரபாகர் கேட்டை விட்டு ரோட்டுக்கு வந்தார். "என்கிட்ட இருந்தப்ப இது இப்படிச் சத்தம் போட்டதே இல்ல" என்றார்.

நான் நேரத்தைச் சொன்னேன். பழைய சைக்கிளைவிட ஒன்றேகால் நிமிஷம் குறைவு.

ராவுத்தர் இடிந்துபோனார். "இம்புட்டுத்தானா? ஒண்ணேகால் நிமிசத்துக்கா ஒன்றரை லட்சம்? ஒரு டீ ஆத்துறதுக்கே அதுக்கு மேல ஆகுமே!"

பாண்டி அண்ணன் முகம் மலர்ந்தது. இனி நாற்பதுக்கு முடிந்துவிடும் என்று அவர் நினைத்த அதே நொடியில் கௌசல்யா மூச்சு வாங்கிக்கொண்டே, "மாமு, போன வருசம் நாலு செகண்டுலதான் எனக்கு மூணாவது எடம் போச்சு" என்றாள்.

பாண்டி அண்ணன் கண்ணைக் காட்டினார். இருமினார். மகள் கவனிக்கவில்லை. "ஒண்ணேகால் நிமிசம்னா... அது ரொம்பப் பெருசு மாமு!"

ராவுத்தர் தலையில் கை வைத்தார். "ஆத்தா, நீ பேரம் பேச லாயக்கில்ல. எறங்கி வந்த ரேட்டைத் திரும்ப ஏத்திவிட்டுட்டியே!"

அங்கே பிரபாகர் அதைவிட மோசமாக இருந்தார். கண்கலங்கி, "பேசாம பொண்ணுக்குச் சும்மாவே கொடுத்துடலாம்னு தோணுதுங்க" என்றார்.

"சும்மா குடுத்தா எங்களுக்கு வேணாம்" என்று பாண்டி அண்ணன் முறுக்கினார்.

ராவுத்தர் இரண்டு கைகளையும் தூக்கிக் கத்தினார். "எல்லாரும் வாயை மூடுங்க! வாங்குற புள்ள ரேட்ட ஏத்துது, விக்கிற ஆளு எறக்குறாரு! உங்களை வச்சுக்கிட்டு ஒரு மனுசன் எப்படி யாவாரம் முடிக்கிறது? நான் எதுக்கு இங்கன இருக்கேன்?"

டீயும் வடையும் வந்தன. ராவுத்தர் வாசல் படியில் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். இரண்டாவது வடை முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"அறுபதாயிரம்."

பிரபாகருக்கு வாய் திறந்தபடி நின்றது. என்னதான் கண்கலங்கினாலும், அறுபது என்று காதில் விழுந்ததும் ஜெர்மனியில் கட்டிய காசு ஞாபகம் வந்திருக்கும். பாண்டி அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். ராவுத்தர் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, திருப்தியாகத் தலையாட்டினார்.

"அதுல சிராய்ப்புக்குப் பத்து கழிவு. அந்தப் பத்து என் தலைல. பாண்டி, நீ அம்பது குடு."

"மாமா, எங்கிட்ட நாப்பதுதான்..."

"நாப்பதுன்னு சொல்றவன் நாப்பதை மட்டுமா எடுத்துக்கிட்டு வருவான்? மடியை அவுருலே."

பாண்டி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு மடியை அவிழ்த்தார். சரியாக ஐம்பது இருந்தது. மகள் அப்பாவை முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

ராவுத்தரின் பத்தாயிரத்தை வாங்க பிரபாகர் மறுத்தார். ராவுத்தர் கொடுக்காமல் போகமாட்டேன் என்றார். கடைசியில் சுதாதான் தீர்த்துவைத்தார். "அண்ணே, எனக்குத் துணி காயப்போட இடம் போச்சு. நல்லதா ஒரு பழைய வாஷிங் மெஷின் பாத்துக் குடுங்க. கணக்கு சரியாப்போகும்."

ஒரு வாரத்தில் வாங்கிக் கொடுத்தார். அருமையான மெஷின். ஒரே குறை, துணியைப் பிழியும்போது குளியலறையிலிருந்து புறப்பட்டு ஹாலுக்கு நடந்து வந்துவிடும். சுதா போன் செய்து சொன்னபோது, "ஓடுற கண்டிஷன்னு சொன்னேன்ல?" என்றாராம்.

மாநிலப் போட்டி திண்டுக்கல் பக்கம் நாற்கரச் சாலையில் நடந்தது. கௌசல்யா இரண்டாவதாக வந்தாள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது அது இல்லை.

பாண்டி அண்ணன், பிரபாகர், நான், ராவுத்தர் எல்லோரும் போயிருந்தோம். ராவுத்தருக்கு அந்த இடம் சொர்க்கம். நூறு சைக்கிள்கள்! காலையிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, ஒவ்வொரு பெற்றோரிடமும் விலை சொல்லி, இரண்டு பேரை அழவைத்திருந்தார். ஒரு கோச் அவரை நிஜமான நிபுணர் என்று நம்பி விசிட்டிங் கார்டு வாங்கப் பார்த்தார்.

வெயில் ஏறிய பிறகு கௌசல்யாவின் முறை வந்தது. போனாள். நாங்கள் முடிவுக் கோட்டில் நின்றோம். ராவுத்தர் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டார். சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் சத்தம் கேட்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினார். கோட்டைத் தாண்டிய கௌசல்யா சைக்கிளிலிருந்து இறங்கக்கூட முடியாமல் அப்படியே சாய்ந்தாள். ராவுத்தர்தான் தாங்கிப் பிடித்தார். தாரோடு சூடேறிக்கிடந்த அந்தச் சாலையில் உட்கார்ந்து, அவள் தலையை மடியில் வைத்து, தோள் துண்டை எடுத்து விசிறினார். "மூச்சை விடு ஆத்தா. பைய விடு. முடிஞ்சுபோச்சு, எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சைக்கிள் தட்டுச் சக்கரம் சுற்றியபடி ஓரத்தில் கிடந்தது. யாரும் அதைத் தூக்கவில்லை.

அந்தக் கோச் குனிந்து நின்று, சைக்கிளைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ஐயா, இது இப்ப கொடுத்தா என்ன விலை போகும்?"

ராவுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க தம்பி. புள்ளைக்குக் காத்து வரட்டும்."

அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அந்த வெயிலில்தான் எனக்கே தெரிந்தது.